மாடிக்கு ஒரு மீட்டர்

மீட்டர் கணக்கெடுக்க வரும் காந்திமதி காம்பவுண்டு கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவாள். 2003ஆம் ஆண்டு மே மாதமும் அப்படித்தான் வந்தாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, மீட்டரின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, எண்களைப் படித்தாள். ஜஹானாரா நீட்டிய வெள்ளை அட்டையில் எழுதினாள். எழுதியதை நம்பாதவள்போல மறுபடி ஒருமுறை மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"மாடில ஏசி போட்டுக்கீறீங்களாம்மா?"

"பிப்ரவரில போட்டோம். கொழுந்தனார் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி முழுக்க அழுவுது. ஏன், ரொம்ப வந்திருக்கா?"

"தொள்ளாயிரத்து நாப்பது யூனிட்டு. மார்ச்சுல ரேட்டு வேற ஏத்திட்டாங்க. அறுநூறத் தாண்டிட்டா அதுக்கு மேல ஓடுறதுக்கெல்லாம் பெரிய ரேட்டு." காந்திமதி பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ ஒரு குடும்பம், மேல ஒரு குடும்பம்தானே? மாடிக்குத் தனியா ஒரு சர்வீஸ் வாங்கிக்கினீங்கன்னா ரெண்டு மீட்டரும் அறுநூறுக்குள்ள நின்னுடும். இந்தத் தெருவுல பாதிப் பேர் அப்படித்தான் மாத்திக்கினு கீறாங்க."

ஜஹானாரா அட்டையை வாங்கிக்கொண்டாள். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் என்று அதுவரை யாரும் அவளிடம் எண்ணிச் சொன்னதில்லை.

இரும்புலியூரில் அந்த வீட்டைக் கட்டியவர் அவளுடைய மாமனார். அவர் போய் ஏழு வருடமாகியும் மின் இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தது. மூத்த மகன் அத்தாவுல்லா, ஜஹானாராவின் கணவர், பெருங்களத்தூரில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்ப எழும்பக் கடையும் வளர்ந்தது. இளையவன் யாசீன் கிண்டியில் ஒரு கம்பெனியில் கட்டட வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தான். ஜஹானாரா கல்யாணமாகி வந்தபோது யாசீனுக்குப் பத்து வயது. தாய் இல்லாத பையன். பள்ளிக்கூடத்துக்கு டிபன் கட்டிக் கொடுத்தது முதல், வேலையில் சேர்ந்தபின் ஆறே முக்காலுக்குள் சாப்பாட்டு டப்பாவை மூடிக் கையில் கொடுத்தது வரை அவள்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஆம்பூரிலிருந்து கைனாத் அவனுக்கு மனைவியாக வந்தாள். மாடி அவர்களுக்கு என்றானது. சமையலும் சாப்பாடும் மட்டும் எல்லோருக்கும் கீழேதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தாவுல்லா வெள்ளை அட்டையைத் தம்பியின் பக்கம் நகர்த்தினார்.

"இதப் பாத்தியா?"

யாசீன் பார்த்தான். "ஏசிதாண்ணே. குழந்தைக்காகத்தான் போடுறோம்."

"குழந்தை தூங்கினப்புறம் அணைக்கலாம்ல?"

"அணைச்சா அரை மணி நேரத்துல எழுந்துடுது."

ஜஹானாரா பரிமாறிக்கொண்டே, காந்திமதி சொன்னதைச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அவளுக்கு அடுத்த நொடியே தோன்றியது. யாசீன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நல்ல ஐடியாதாண்ணே. எங்க ஆபீஸ்லயும் சொன்னாங்க. ஒரு தடவைதான் செலவு. டெபாசிட், வயரிங், அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மிச்சம்தான்."

"ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு மீட்டர்?" என்றார் அத்தாவுல்லா. "அத்தா கட்டின வீட்ட பாகம் பிரிச்சிட்டீங்களான்னு பள்ளிவாசல்ல நாலு பேர் கேப்பாங்க. நான் என்ன சொல்றது? கரண்ட் ரேட்டு ஏறிடுச்சுன்னா?"

"அதத்தான் சொல்லணும். அதானே நிஜம்."

அத்தாவுல்லா அன்று இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

அடுத்த பத்து நாள் அவர் வேறு வழிகளைப் பார்த்தார். குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டுக் குழல் விளக்கு போட்டார். தண்ணீர் மோட்டாரைக் காலையில் ஒருமுறை மட்டும் ஓட்டச் சொன்னார். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டிலிருந்த தன் இரண்டு பெண்களையும், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றுகிறது என்று அதட்டினார். மாடியில் ஏசி ஓடும் சத்தம் கேட்டால் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். குழந்தைக்காக ஓடுவதை எப்படி நிறுத்தச் சொல்வது? சொல்லாமல் விட்ட பேச்சு அவர் முகத்தில் தெரிய ஆரம்பித்தது. அவர் வீட்டில் இருக்கும் நேரங்களில் கைனாத் கீழே இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஜஹானாராதான் கடைசியில் சொன்னாள். "எழுதிப் போட்டுடுங்க. மீட்டர்தானே. சுவத்துல ஒரு பெட்டி கூட இருந்தா என்ன இப்போ? இப்படி நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்."

விண்ணப்பம் போனது. மின்வாரிய அலுவலகத்தில், மாடிக்குத் தனி வாசல் வேண்டும், தனிச் சமையல்கட்டு வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். வாசலுக்குப் பிரச்சினை இல்லை. படி வெளியிலிருந்தே போனது. மாடியின் பின்பக்கம் மேடையும் குழாயும் வைத்த ஒரு சின்ன அறை உண்டு. கடையில் விற்காமல் தங்கிய பெயின்ட் டப்பாக்கள் அதில் அடுக்கியிருந்தன. ஒரு காலையில் அண்ணனும் தம்பியுமாக டப்பாக்களை இறக்கினார்கள். பரணிலிருந்த பழைய இரட்டை அடுப்பை ஜஹானாரா தேய்த்துக் கொடுத்தாள். கீழே உபரியாக இருந்த சிலிண்டரை யாசீன் தோளில் தூக்கிக்கொண்டு போனான். நாலு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு தோசைக்கல்.

"பார்த்துட்டுப் போனதும் எல்லாத்தையும் கீழ இறக்கிடலாம்" என்றார் அத்தாவுல்லா.

பார்க்க வந்தவர் மதியழகன் என்ற உதவிப் பொறியாளர். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு ஃபைல், சட்டைப் பையில் டெஸ்டர். அதிகம் பேசாத மனிதர். வாசலைப் பார்த்தார், மீட்டர் வைக்கும் இடத்தைப் பார்த்தார், எர்த் வயரைப் பார்த்தார். பின்பக்க அறைக்குள் போனதும் சற்று நேரம் நின்றார். அடுப்புக்கு மேலே சுவரில் விரலால் தேய்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. குழாயைத் திருகினார். அது இருமிவிட்டுப் பழுப்பாகத் தண்ணீர் துப்பியது.

"எண்ணெய் டப்பா எங்கம்மா?" என்று கைனாத்தைக் கேட்டார்.

கைனாத் ஜஹானாராவைப் பார்த்தாள். ஜஹானாரா சுவரைப் பார்த்தாள்.

மதியழகன் ஃபைலை மூடினார். கோபமாகப் பேசவில்லை. "பாய், அடுப்பு இருக்கு. சமையல்கட்டு இல்ல."

"மாடில தனியாத்தான் சார் இருக்காங்க" என்றார் அத்தாவுல்லா.

"தூங்குறது தனியா. சாப்பிடுறது கீழ. அப்படின்னா அது ஒரே வீடு. ரேட்டு கம்மியா வரணும்னு மட்டும் பிரிக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு ஆடிட்ல என்னக் கேப்பாங்க. நிஜமாவே தனிக் குடித்தனம்னா தாராளமா வாங்கிக்கோங்க, யாரும் தடுக்கல." செருப்பை மாட்டிக்கொண்டார். "ரெண்டு வாரத்துக்குள்ள இன்னொரு தடவை வரேன். எப்போன்னு சொல்ல மாட்டேன்."

அவர் ஸ்கூட்டரில் போனபின் அத்தாவுல்லா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வியாபாரத்தில் முப்பது வருடம் ஒரு டப்பாவில் வேறு கம்பெனிப் பெயின்ட்டை ஊற்றி விற்காதவர் அவர். காது நுனி வரை சிவந்திருந்தது.

"வேணாம். விட்டுடுவோம். பொய் சொல்லி ஒரு மீட்டர் நமக்கு வேணாம். கட்டுற காசக் கட்டிட்டுப் போவோம்."

"எல்லாரும் செய்யறதுதாண்ணே" என்று யாசீன் ஆரம்பித்தான்.

"எல்லாரும் செய்யட்டும். நிஜமா மேல சமைக்கிறதுன்னா சமைக்கட்டும், மீட்டர் வரட்டும். இல்லையா, மனுவ வாபஸ் வாங்கு."

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் கதவருகே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த கைனாத் சொன்னாள்:

"நான் மேலயே ஆக்குறேன்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எதைப் பற்றி முடிவெடுக்கும்போதும் அவள் அதுவரை குரல் கொடுத்ததில்லை. குரல் நடுங்கவில்லை என்பதை ஜஹானாரா கவனித்தாள். இந்த வாக்கியம் இன்று உண்டானதல்ல, வெகுநாளாக அவளிடம் இருந்திருக்கிறது என்பது புரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே நான்கு பேருக்கு மட்டும் மாவு கரைத்தாள் ஜஹானாரா. கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் அரிசியைக் கூடுதலாக அளந்துவிட்டு, மறுபடி டப்பாவில் கொட்டினாள். மேலே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு படி ஏறினாள். அப்புறம் இறங்கிவிட்டாள்.

நான்கு வருடமாகக் கைனாத் கீழே வெங்காயம் உரித்தாள், தேங்காய் துருவினாள், பாத்திரம் கழுவினாள். குழம்புக்கு உப்புப் போட்டது மட்டும் எப்போதும் ஜஹானாராவின் கை. யாரும் அப்படி ஒரு சட்டம் வைக்கவில்லை. அதனால் முதல் நாள் மாடிக் குழம்பில் உப்பு கரித்தது. இரண்டாம் நாள் இல்லவே இல்லை. மூன்றாம் நாள் யாசீன் வேலையிலிருந்து திரும்பியதும் செருப்பைக் கழற்றாமலே கீழ்வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, பசிக்குது. ஒரு கை சோறு போடுங்க. அவளுக்குத் தெரிய வேணாம்."

ஜஹானாராவின் கை தட்டுக்குப் போய்விட்டது. இருபத்து மூன்று வருடமாக அவன் பசி என்றால் கை அங்கேதான் போகும். அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். தட்டை எடுத்து, சோற்றுப் பானையைத் திறந்தாள். அப்போது ஜன்னல் வழியாக மேலிருந்து புளியும் பூண்டும் வதங்கும் வாசனை வந்தது. கூடவே குழந்தை அழுவதும், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு, அத்தா வந்துடுவாரு" என்று கைனாத் சமாதானம் சொல்வதும் கேட்டது.

ஜஹானாரா பானையை மூடினாள்.

"மேல போய்ச் சாப்பிடு."

"அண்ணி?"

"அவ மத்தியானத்துலேர்ந்து நின்னு ஆக்கியிருக்கா. நீ இங்க தின்னுட்டுப் போய் அங்க பசிக்கலன்னு சொன்னா, காலைல நான் அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? எனக்கு மட்டும் வந்தப்போ எல்லாம் தெரிஞ்சுதா? உங்க அத்தா எத்தனை நாள் நான் ஆக்கினதத் தண்ணி ஊத்தித் தின்னிருக்காரு, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்று யாசீன் சிரித்தான்.

"போ. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு அவகிட்டயே சொல்லு. ஆனா தின்னுட்டுச் சொல்லு."

அவன் போனபின் கொஞ்ச நேரம் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. தட்டை அதன் இடத்தில் வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் இன்னொன்று நடந்தது. பகல் பதினோரு மணிக்கே அவளுடைய வேலை முடிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். எழுந்தபோது மணி இரண்டரை. யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல் பதறி எழுந்தாள். வீட்டில் யாரும் இல்லை. அவளுடைய இரண்டு பெண்களும் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி படுத்தாள். மறுநாளும் தூங்கினாள். மூன்றாம் நாள் தூக்கத்தை எதிர்பார்த்துக்கொண்டே சமைத்தாள். தனக்கு இது பிடித்திருக்கிறது என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் கூச்சமாக இருந்தது.

கைனாத் ஒருநாள் கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் புளிக்கறி கொண்டுவந்து வைத்தாள். "எங்க அம்மா வைக்கிறது. இங்க தேங்காய் போடாம நீங்க வைக்க மாட்டீங்க, அதான் இத்தனை நாளா வைக்கல." ஜஹானாராவுக்குப் புளிப்பு தூக்கலாக இருந்தது. ஆனால் கிண்ணம் காலியாகும்வரை தின்றாள்.

ஒன்பதாம் நாள் பகல் பதினொன்றரைக்கு மதியழகன் வந்தார். கீழே நிற்காமல் நேராக மாடிக்குப் போனார். ஜஹானாரா பின்னாலேயே ஓடினாள். கைனாத் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தாள். பருப்பு பொங்கி அடுப்பெல்லாம் மஞ்சளாக வழிந்திருந்தது. சுவரில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். மேடையில் பாதி அரிந்த முருங்கைக்காய், தரையில் குழந்தை இறைத்த பொரி. காலெடுத்து வைக்க இடமில்லை.

"உள்ள வாங்க சார். டீ போடட்டுமா?" என்றாள் கைனாத்.

"வேணாம்மா. பருப்பப் பாருங்க, அடி பிடிக்குது." அவர் வாசற்படியிலிருந்தபடியே ஃபைலில் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது ஜஹானாராவிடம், "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. பார்த்து எழுதுறதுதான் எங்க வேலை" என்றார்.

மூன்று வாரத்தில் மீட்டர் வந்தது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டாவது அட்டையில் பெயர் யாசீன் என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கீழே சேர்ந்து சாப்பிட்டார்கள். அத்தாவுல்லா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துப் பேசினார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "சரி, வந்த வேலை முடிஞ்சுது. நாளைலேர்ந்து பழையபடி கீழயே ஆக்கிடலாம். சிலிண்டர இன்னைக்கே இறக்கிடுவோம், யாசீன்."

யாசீன் குனிந்து தட்டைப் பார்த்தான். கைனாத் குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்த வாயையே மறுபடி துடைத்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் ஜஹானாரா.

"என்ன இருக்கட்டும்?"

"அடுப்பு. மேலயே இருக்கட்டும். பொய் சொல்லி மீட்டர் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த மனுஷன் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரு. இப்போ இறக்கினா அது என்ன?"

அத்தாவுல்லா மனைவியையே பார்த்தார். இப்படி ஒரு பதில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தன் சொல்லே தன்னை மடக்கியதைவிட, அதைச் சொன்னவள் வருத்தமாக இல்லை என்பதுதான் அவரைத் தாக்கியது. "நீயுமா?" என்றார். தம்பியோடு ஒரே தட்டு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மதியம், திறக்காத கடைக்கு.

பாத்திரம் துலக்கும்போது கைனாத் மெல்லக் கேட்டாள். "அக்கா, என் மேல கோவமா?"

"முதல்ல இருந்தது" என்றாள் ஜஹானாரா. "என் கையிலேர்ந்து பிடுங்குற மாதிரி இருந்தது. அப்புறம் எனக்கு மத்தியானத்துல தூக்கம் வர ஆரம்பிச்சுது."

கைனாத் திரும்பிப் பார்த்தாள். ஜஹானாரா சிரிக்கவும், அவளுக்கும் சிரிப்பு வந்தது. குழாயடியில் இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

அத்தாவுல்லாவின் மனம் ஆறச் சில வாரம் ஆனது. தம்பியிடம் கடுமையாக ஒன்றும் பேசவில்லை, பேச்சைச் சுருக்கிக்கொண்டார். பள்ளிவாசலில் யாரோ கேட்டதற்கு, "ஆமா, தனியாத்தான் இருக்காங்க. குழந்தை இருக்குல்ல" என்றாராம். யாசீன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். அன்று அண்ணனும் தம்பியும் வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள்.

செப்டம்பரில் காந்திமதி வந்து இரண்டு அட்டைகளிலும் எழுதினாள். கீழே முந்நூற்றுச் சொச்சம், மேலே நானூற்று எழுபது. இரண்டும் அறுநூறுக்குள். மிச்சம் இருந்தது, ஆனால் யாசீன் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. கைனாத் மாடிக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தாள். ஏசி மட்டும் நன்றாகவே குறைந்திருந்தது. மழை வந்தது ஒரு காரணம். தன் பெயர் போட்ட அட்டை கையில் வந்தபின் யாசீன் விடிகாலையில் தானாக எழுந்து அதை அணைத்துவிடுகிறான் என்று கைனாத் சொன்னாள். அண்ணன் ஒரு வருடம் சொல்லியிருந்தாலும் செய்திருக்க மாட்டான்.

ஜஹானாராவின் மதியத் தூக்கம் இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் கணவரின் டிபன் பாக்ஸ் தினமும் பாதியோடு திரும்பி வந்தது. ஒருநாள் அவளே அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெருங்களத்தூருக்குப் போனாள். கடையின் பின்பக்கம் ஸ்டூல் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். டிபன் பாக்ஸ் காலியானது. மறுநாளும் போனாள். பிறகு அதுவே வழக்கமானது.

அவர் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் போகும் நேரத்தில் கல்லாவில் அவள் உட்கார்ந்தாள். வண்ண அட்டைகளைப் புரட்டிப் புரட்டி, எந்த எண் எந்த நிறம் என்பது மனப்பாடமானது. அக்டோபர் முதல் வாரத்தில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடிவரப்போகும் ஒரு பெண் வந்தாள். படுக்கையறைக்கு நீலம் என்று முடிவு செய்திருந்தாள். எந்த நீலம் என்றுதான் தெரியவில்லை.

"வெயில் எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டாள் ஜஹானாரா.

"மேற்குப் பக்கம்க்கா. சாயங்காலம் சுவரெல்லாம் கொதிக்குது."

"அப்போ இந்தக் கருநீலம் வேணாம். அறை இன்னும் சூடாத் தெரியும். இந்த வெளிர்நீலத்த எடுத்துட்டுப் போய் ஒரு சுவத்துல மட்டும் அடிச்சுப் பாருங்க. பிடிச்சா மீதிக்கு வாங்க."

தொழுகை முடிந்து வந்த அத்தாவுல்லா குறுக்கே பேசவில்லை. உள்ளே போய், ஜஹானாரா காட்டிய எண்ணில் ஒரு லிட்டர் டப்பாவைத் தேடி எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.